அவள் கரையவில்லை

இடைவேளை முடிந்து விளக்கை அணைத்துவிட்டார்கள். நிகழ்ச்சி நடத்துகிற பெண் சொன்ன வார்த்தை மட்டும் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அடியில். "உலகத்துல எந்தப் பெரிய ஃபேண்டஸி படத்தை வேணும்னாலும் எடுத்துக்கோங்க, அதுக்கு அடியில ஒரு புத்தகம் இருக்கும், இந்தப் படத்துக்கு அடியில இருக்கற புத்தகத்தை எழுதினவங்க இன்னைக்கு நம்மளோட இருக்காங்க" என்று மைக்கில் சொல்லி, எழுந்து நிற்கச் சொல்லி, கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்து, எல்லாரும் கைதட்டி, நானும் முட்டிவலியோடு எழுந்து நின்று கும்பிட்டு உட்கார்ந்தேன். அடியில் என்றால் எதன் அடியில்? பீரோவுக்கு அடியில் மடித்துக் கொடுக்கும் அட்டை மாதிரியா? ஆடாமல் நிற்க ஒரு துண்டு அட்டை, அவ்வளவுதானா? வடபழனியில் இந்தச் சின்ன தியேட்டரில் மொத்தம் எண்பது பேர் இருப்பார்கள், எல்லாரும் பத்திரிகைக்காரர்களும் சினிமாக்காரர்களும். மதியம் இரண்டு மணிக் காட்சி. ஏசிக் குளிர் முழங்காலுக்குள் இறங்குகிறது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஞானதுரை இடைவேளையில் கொடுத்த முட்டை பப்ஸை இன்னும் முடிக்கவில்லை, இருட்டில் மொறுமொறு என்று சத்தம். "ஏட்டி எப்சி, பாதி தின்னுதியா?" என்கிறார். வேண்டாம் என்று கையை ஆட்டுகிறேன். என் புத்தகத்துக்குப் பெயர் 'மழையிடம் போனவள்'. படத்துக்குப் பெயர் 'உப்பரசன்'. போனவள் எங்கே போனாள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் எழுதியது அக்காளும் தங்கையும். முதல் பாதியில் பார்த்தேன், அக்காளைக் காணோம், அவள் இருந்த இடத்தில் ஓர் அண்ணன் நிற்கிறான், நெஞ்சு முழுக்க எண்ணெய் தடவிக்கொண்டு. அவன்தான் உப்பரசன். என்னைத்தான் அப்படி ஆக்கியிருக்கிறார்கள், ஆண்டவரே, தூத்துக்குடி தந்தி ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் நாற்காலியில் தேய்ந்த என்னை.

திரையில் உப்புநகரம் வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, கோபுரம் கோபுரமாக வெள்ளை வெளேரென்று, வெயில் பட்டால் கண் கூசுகிறது. ஆனால் அது எங்கே இருந்தது என்று இவர்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டரில் இல்லை. எங்கள் அப்பா கண்காணியாக இருந்த உப்பளத்தில், வாரிக் குவித்த உப்பு அம்பாரத்துக்குள் இருந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் ஒவ்வொரு அம்பாரமும். மழைக்காலத்துக்கு முன்னால் ஓலை போட்டு மூடுவார்கள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அப்பா எங்களைக் கூட்டிப் போவார், தங்கை பியூலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, என்னை நடக்கவிட்டு. பியூலாவுக்குப் பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும், உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும், இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்பாரத்தின் நிழலில் உட்கார வைத்துவிட்டு அப்பா போய்விடுவார். அவள் ஒரு விரலை உப்பில் குத்தித் துளை போட்டு, கண்ணை வைத்துப் பார்த்து, "அக்கா, உள்ள ஒரு தெரு இருக்கு, விளக்கெல்லாம் போட்டிருக்காவ" என்பாள். அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த ஊரில் யாரும் அழக்கூடாது, அழுதால் நடு வீட்டில் பள்ளம் விழும். மழை வந்தால் வருஷத்துக்கு ஒரு தெரு போகும். மழையிடம் போய்ப் பேசிப் பார்க்கலாம், ஆனால் மழைக்குக் காது கேட்காது. "ஏன் கேக்காது?" என்றேன். "அது போடுத சத்தத்துல அதுக்கு வேற என்னக்கா கேக்கும்?" என்றாள். அதனால் மழையிடம் போகிறவள் கத்தவேண்டும், ஆனால் போகிறவளுக்கோ மூச்சே கிடையாது, இதுதான் கதை, இவ்வளவுதான் கதை, பதினோரு வயசுப் பிள்ளை சொன்னது. இதில் ராணி எங்கே வந்தாள்? பச்சைக் கண் வைத்த சூனியக்கார ராணி, அவளுக்கு ஒரு பாட்டு, அவள் பின்னால் நாற்பது பேர் ஆடுகிறார்கள். பளிங்கு வாள் ஒன்று வருகிறது, ஏதோ ஆரூடம் வருகிறது, ஏழு தலைமுறைக்கு முன்னால் சொல்லி வைத்ததாம். எங்கள் அம்பாரத்துக்குள் ஏழு தலைமுறையெல்லாம் கிடையாது, போன சனிக்கிழமை உண்டு, இந்தச் சனிக்கிழமை உண்டு. முன்வரிசையில் இருக்கும் இயக்குநர் இளஞ்சேரலின் பின்மண்டை தெரிகிறது, ஆடாமல் அசையாமல், பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கும் பையனைப் போல. நல்ல மனுஷன். அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து செருப்பை வாசலுக்கு வெளியே வரிசையாக வைத்துவிட்டு, "ஏழாங்கிளாஸ் படிக்கும்போது எங்க ஊரு நூலகத்துல எடுத்தேன்மா, திருப்பிக் குடுக்கவே இல்லை" என்று பழுப்பேறிய பிரதியை எடுத்துக் காட்டினான். முதுகு பிய்ந்து நூலால் தைத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது, "அந்த அக்கா கேரக்டர் மட்டும் கொஞ்சம் இடிக்குதும்மா, கதை முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்கிறவளை எப்படிப் படமா எடுக்கறது?" என்றான். நான் என்ன சொன்னேன்? சர்க்கரை போதுமா என்று கேட்டேன். சர்க்கரை. அவன் இன்னொன்றும் சொன்னான், டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே, "செகண்ட் ஹாஃப்ல ஒரு இழப்பு வேணும்மா, இல்லைன்னா ஆடியன்ஸ் ஒட்டமாட்டாங்க." அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இழப்பு என்றால் கோட்டையை இழப்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேனா, இல்லை அப்போதே தெரியுமா? தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேனா? தேவையான மாற்றங்கள் என்று ஒரு வரி இருந்தது அந்தத் தாளில். தேவை யாருக்கு?

மேகம் கூடுகிறது திரையில். ஸ்பீக்கரில் இடி உறுமுகிறது, நாற்காலியின் கைப்பிடி அதிர்கிறது. அந்தப் பிள்ளை, தங்கையாக நடிக்கிற பிள்ளை, கோட்டைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள். அவளை ஓடவிட்டிருக்கிறார்கள். மெதுவாக, முடியைப் பறக்கவிட்டு, ஓடுகிறாள். ஓடக்கூடாதுடீ. ஏதாவது ஆகப் போகிறது, வேண்டாம், பத்து அடிக்கு மேல் போகக்கூடாது, அப்பா வருகிற வரைக்கும் உட்கார். என் புத்தகத்தில் அவள் ஓடவில்லை. பத்து அடி நடக்கிறாள், உட்காருகிறாள், பத்து அடி நடக்கிறாள், உட்காருகிறாள், அப்படியே இருபது பக்கம் போகும். அந்த இருபது பக்கத்தை ஆபீஸ் முடிந்து வந்து சமையல்கட்டில் வைத்து எழுதினேன், முப்பத்தைந்து வயசில். அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் மதிப்புரை வந்தது, 'இதில் ஒரு சாவுகூட இல்லை, அதனால் இது குழந்தைகளுக்கானது' என்று. எழுதின மகானுக்கு என்ன தெரியும்? சாவை எழுதுவது ஒரு பாடா? நான் நாள் ஒன்றுக்கு நாலு சாவு எழுதிக்கொண்டிருந்தேன். தகப்பனார் காலமானார் உடனே புறப்படவும். அவ்வளவுதான், நாலு வார்த்தை. தந்தி ஆபீசில் இருந்தவளுக்குச் சாவு ரொம்ப லேசு, எழுதிய மை காய்வதற்குள் ஆள் முடிந்துபோவார். ஒருத்தியை உயிரோடு வைத்திருப்பதுதான் இழுத்தடிக்கும், இருபது பக்கம் இழுக்கும், மழை ஓயும்வரை அவளை உட்கார வைக்கவேண்டும், பசிக்கும் அவளுக்கு, ஏதாவது தின்னக் கொடுக்கவேண்டும். மழை தன் சத்தத்திலேயே களைத்துப்போய் ஓர் இடத்தில் ஓயும், அந்த நேரத்தில் கத்தவேண்டியதே இல்லை, மெல்லச் சொன்னாலும் கேட்கும். சொன்னாள். கேட்டது. மழையோடேயே இருந்துவிட்டாள், எங்கே பெய்யலாம் எங்கே கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொண்டு. இதை நான்தான் முடித்தேன். பியூலா முடிக்கவில்லை. அவள் மழைக்குப் பக்கத்தில் போய்விட்டாள் என்பதோடு நிறுத்திவிட்டாள். "அப்புறம்?" என்றேன். "நாளைக்குச் சொல்லுதேன், தொண்டை வலிக்கு" என்றாள். மறுநாள் காய்ச்சல். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் கொண்டுபோனார்கள், நவம்பர், வழியெல்லாம் மழை, வல்லநாடு தாண்டும்போது கண்ணாடியில் தண்ணீர் ஊற்றுகிறது, அவள் தலை என் மடியில். உதடு அந்த நிறம். வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. "என்னட்டி?" என்றேன். மறுபடி சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை.

இதோ கரைக்கிறார்கள். அண்ணன்காரன் கையில் அவளைப் போட்டு, மேலே மழையைக் கொட்டி, விரல் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கரைக்கிறார்கள். எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள் பாருங்கள், விரல் போகிறது, மணிக்கட்டு போகிறது, வயலின் அழுகிறது, கன்னத்தில் ஒரு குழி விழுகிறது. நிறுத்துங்கள். யார் உங்களுக்கு உரிமை கொடுத்தது? நான்தான் கொடுத்தேன், மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு. சுற்றிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம். எனக்குப் பின்னால் ஒரு பெண் விசும்பி விசும்பி அழுகிறாள். இவர்களுக்கு யார் அவள்? இரண்டு மணி நேரப் பழக்கம். ஐம்பது வருஷமாக நான் ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைத்திருக்கிறேன், இவர்கள் பாப்கார்ன் கையோடு அழுகிறார்கள். என் பக்கத்திலும் அழுகை. திரும்பிப் பார்த்தால் ஞானதுரை, மடித்த கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றுகிறார். எங்கள் வீட்டு நடையில் மாட்டிய போட்டோவில் மட்டும் அவளைப் பார்த்தவர். நீங்களுமா? கரைந்து முடிந்ததும் அண்ணன் எழுந்து நின்று கர்ஜிக்கிறான், வாளை உருவுகிறான், மழையை இரண்டாக வெட்டுகிறான். மழையை. வாளால். கைதட்டல். இதற்குத்தான் அவளைச் சாகடித்தீர்களா, இவன் ஒரு கர்ஜனை போடுவதற்கு? இருட்டில் பூங்கொத்தை இறுக்குகிறேன், பிளாஸ்டிக் தாள் சரசரக்கிறது. திருடர்கள் என்று வாய்க்குள் வருகிறது. திருடர்கள், பிள்ளையைத் திருடி. சரி, நீ யாரடி எப்சி? உன் புத்தகத்தில் முதல் பக்கத்தைத் திருப்பு. யாருடைய பெயர் இருக்கிறது? எனக்குத் தூண்டுகோலாக இருந்த அச்சகத்தாருக்கு நன்றி, மெய்ப்புப் பார்த்த டீச்சருக்கு நன்றி, கணவருக்கு நன்றி. பியூலா எங்கே? அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் பைபிளில் ஒரே வசனத்திலிருந்து எடுத்துப் பெயர் வைத்தார், நீ பாதியை மட்டும் அட்டையில் போட்டாய். பெயர் போட்டால் முன்னால் 'மறைந்த' என்று போடவேண்டி வரும், அது பிடிக்காமல்தான் விட்டேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது இல்லை. தெரு, விளக்கு, காது கேட்காத மழை எல்லாம் ஒரு சின்னப்பிள்ளை சொன்னது என்று தெரிந்தால், அப்போ நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம். அதுதான். அந்த இருபது பக்கமும் கடைசியும்தான் என்னுடையது. அதைத்தான் இந்த ஆள் வெட்டி எறிந்திருக்கிறான். என் பங்கு என்று இருந்தது அவளைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டது ஒன்றுதான்.

முடிந்துவிட்டது போலிருக்கிறது. கறுப்புத் திரையில் எழுத்துப் போடுகிறார்கள். கதை: எப்சிபா ஞானதுரை. தனியாக, பெரிதாக, வேறு ஒரு பெயரும் பக்கத்தில் இல்லாமல். சின்னதாகப் போட்டு ஒதுக்கிவிடுவார்கள் என்று ரயிலில் வரும்போதெல்லாம் பொருமிக்கொண்டு வந்தேன். இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்க வேண்டாம். விளக்கு எரிகிறது, எல்லாரும் எழுந்து நின்று தட்டுகிறார்கள். இளஞ்சேரல் வரிசைக்குள் நுழைந்து என் முன்னால் தரையிலேயே குத்துக்காலிட்டு உட்காருகிறான். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. "எப்படிம்மா இருந்துச்சு?" "அவ சாகல," என்கிறேன். "அம்மா?" "அந்தப் பிள்ளை சாகல. கதையில சாகல." அவன் என் கையைப் பிடித்துக்கொள்கிறான். "தெரியும்மா. எனக்கு மனப்பாடம்மா அது. ஆனா தியேட்டர்ல அது நிக்காதும்மா." "அது என் தங்கச்சி. பியூலான்னு பேரு. கதையே அவ சொன்னதுதான்." ஞானதுரை என் பக்கம் சட்டென்று திரும்புவது தெரிகிறது. இளஞ்சேரல், "இப்ப எங்கம்மா இருக்காங்க அவங்க?" என்று கேட்கிறான், ஒரு மேடையில் ஏற்றி மாலை போடுவதற்கு ஆள் கிடைத்த மாதிரி. "பதினோரு வயசுல செத்துப்போனா. மழையில, காருக்குள்ள, என் மடியில." அப்புறம் அவன் முகத்தில் ஏதோ வெளிச்சம் வருகிறது, எனக்கு அது வருவது தெரிகிறது, வாயைத் திறக்காதே என்று மனசுக்குள் கெஞ்சுகிறேன். திறந்துவிட்டான். "அப்போ நாங்க தெரியாமலே உண்மையைத்தான் எடுத்திருக்கோமாம்மா?" கையை உருவிக்கொண்டேன். "ஏன்டா, எனக்குத் தெரியாமலா அதை எழுதாம விட்டேன்?" சத்தமாக வந்துவிட்டது. முன்வரிசையில் திரும்பிப் பார்க்கிறார்கள். அவனை 'டா' போட்டு நான் பேசியதே இல்லை. அவன் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறான். "என் பேரை எடுத்துருங்க தம்பி" என்கிறேன், கொஞ்சம் இறங்கி. "வெள்ளிக்கிழமை ரிலீஸ்மா. தயாரிப்பாளர்கிட்ட பேசிப் பாக்கறேன்." பேசிப் பார்ப்பான். நடக்காது. அதற்குள் அந்தப் பெண் மைக்கை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள், "எழுத்தாளர் அம்மா ரொம்ப எமோஷனலா இருக்காங்க, ஒரு ரெண்டு வார்த்தை." மைக் கனமாக இருக்கிறது. "இந்தக் கதை என்னுடையதில்லை," என்றேன். "என் தங்கச்சி பியூலா சொன்னது. சொல்லி முடிக்கறதுக்குள்ள இறந்துட்டா. நான் அவ பேரைப் போடாம புத்தகம் போட்டேன்." எங்கேயோ ஓரத்தில் ஒருத்தர் கைதட்ட ஆரம்பித்தார். "தட்டாதீங்க" என்றேன். "இது தட்டற விஷயம் இல்லை. நான் செஞ்சது தப்பு. ஆனா நான் அவளைச் சாகடிக்கலை. நீங்க இப்ப பார்த்தது இவங்க படம், பார்த்துட்டு அழுதுட்டுப் போங்க. வீட்டுல பிள்ளைங்க கேட்டா மட்டும், கரைஞ்சிட்டான்னு சொல்லாதீங்க. அவ மழைகிட்டப் போனா, உக்காந்திருந்தா, அது ஓஞ்சதும் பேசினா. அவ்வளவுதான்." மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். இளஞ்சேரல் எழுந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூங்கொத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே ஐந்து மணி வெயில் முகத்தில் அறைகிறது. ஆற்காடு ரோட்டில் ஹாரன் சத்தம். ஞானதுரை எனக்கு நாலடி முன்னால் போகிறார், அவர் கோபப்பட்டால் நடக்கிற நடை அது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. படி இறங்கும்போது முட்டிக்காகக் கை கொடுக்கிற மனுஷர் இன்றைக்குக் கொடுக்கவில்லை. கோபப்படட்டும். எனக்கு மட்டும்தான் உரிமையா? இரண்டு ஆட்டோ வந்து நின்று, அவர் கையே காட்டாததால் போய்விட்டன. மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று திரும்பினார். "புத்தகம் வந்து முப்பத்து மூணு வருசம் ஆச்சு. ஒருநாள் சொன்னியாட்டி?" "சொல்லலை." "ஏன்?" இந்த இடத்தில் 'மறைந்த' காரணத்தைச் சொல்லலாம், நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. "சொன்னா புத்தகம் என்னுதில்லன்னு ஆயிரும்னு பயம்," என்றேன். "நான்கூடவா அப்படி நினைப்பேன்?" "நீங்க நினைச்சிருந்தா?" ஒரு தண்ணீர் லாரி எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் நின்றோம். "ஊருக்குப் போனதும் அச்சகத்துக்காரர்ட்ட பேசணும்," என்றேன், "அடுத்த பதிப்புல அவ பேரை முதல்ல போடணும்." "ம்" என்றார். "மறைந்தன்னு போடக்கூடாது." "அதெல்லாம் ஏன் போடப் போறாவ" என்று சிடுசிடுத்தார், பிறகு செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, நிமிராமலே கேட்டார். "நம்ம நடையில மாட்டின போட்டோவுல மட்டுந்தான் பாத்திருக்கேன். ஆளு எப்படி, அமைதியோ?" அமைதியா? அந்த ஓடிய பிள்ளையைப் பார்த்துவிட்டு அப்படித்தான் நினைப்பார்கள் எல்லாரும், வெள்ளைக் கவுன், பெரிய கண், சாகப்போகிறவளின் சிரிப்பு. எனக்கு மறுபடி கோபம் வந்தது, ஆனால் இந்தத் தடவை அது வேறு மாதிரி, வயிற்றிலிருந்து கிளம்பி ஏறக்குறைய சிரிப்பாக. "அமைதியா, அவளா? மூச்சு வாங்குதுன்னு யாராவது பாவப்பட்டுத் தூக்க வந்தா கடிச்சு வச்சிருவா." "கடிப்பாளா?" நிமிர்ந்துவிட்டார். "கையில, தோள்ல, எது வாய்க்குக் கிடைக்குதோ அங்க. எங்க அப்பாவையே கடிச்சிருக்கா."